டெல்டா ஊர்களின் பழைய போட்டோக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்து வேளாண் குடும்பங்களில் டிரங்குப் பெட்டியிலும் பீரோ அடித்தட்டிலும் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. முதலில் படத்தைப் படிப்பது, அப்புறம் காப்பாற்றுவது என்ற வரிசையில் பதில் சொல்லியிருக்கிறேன். பூச்சி அரிக்க ஆரம்பித்துவிட்டது என்றால் நேராகப் பின்பகுதிக்குப் போய்விடுங்கள்.

எங்கள் வீட்டில் கல்யாணப் படங்கள்தான் இருக்கின்றன. நடவு, அறுவடை, அன்றாட வாழ்க்கையைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லையே?

அநேகமாக எல்லா வீட்டிலும் இதே கதைதான். கேமரா ஊருக்குள் வந்ததே விசேஷத்துக்குத்தான். கும்பகோணத்திலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ ஸ்டூடியோக்காரரை வரவழைத்து, பிலிமுக்கும் பிரிண்டுக்கும் காசு கொடுத்த காலத்தில், நாற்று நடுகிறவர்களைப் படம் எடுக்க யாரும் செலவு செய்யவில்லை. தினமும் நடப்பதை எதற்கு எடுப்பது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

ஆனால் அன்றாட வாழ்க்கை அந்தக் கல்யாணப் படங்களுக்குள்ளேயே இருக்கிறது. மணமக்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் பாருங்கள். பந்தலுக்கு அப்பால் வைக்கோல் போர் எவ்வளவு உயரம்? தொழுவத்தில் எத்தனை மாடு? வாசலில் நிற்பது வில்வண்டியா, பாரவண்டியா? திண்ணையில் என்ன காய்கிறது? எங்கள் குடும்பத்துக் கல்யாணப் படம் ஒன்றில், மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருக்கிறார். எடுத்தவர் அவரைக் கவனித்திருக்கவே மாட்டார். இன்றைக்கு அந்தப் படத்தில் நான் அதிக நேரம் பார்ப்பது அவரைத்தான்.

படத்தின் ஓரத்தில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். உறவினர் இல்லை. அவர் பெயரைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒரு பதிலைத்தான். அவர் பெயரை முதலில் கேளுங்கள். மற்றவர்கள் பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் பெயர் பட்டாவில் இருக்கும், பத்திரத்தில் இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், கோயில் உபயக் கல்லில்கூட இருக்கலாம். ஓரத்தில் நிற்கிறவருக்கு அப்படி எந்தக் காகிதமும் இல்லாமல் இருக்கலாம். அவர் உழுத நிலம் அவர் பெயரில் இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு தெரு தள்ளியோ, திருப்பூரிலோ இருப்பார்கள். தங்கள் தாத்தாவான அவர் முகத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். உலகத்தில் அவருடைய ஒரே படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கக்கூடும்.

தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் முறை எவ்வளவு ஆழமாக இருந்தது என்றால், அதற்கென்றே 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரே பண்ணையில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்தவர்கள் அவர்கள். அதனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அவரைக் கட்டாயம் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது.

இன்னொன்று. பண்ணை வீட்டில் அவரைக் கூப்பிட்ட பெயர் ஒன்றாகவும், அவர் வீட்டுப் பெயர் வேறாகவும் இருப்பது சகஜம். வயதில் பெரியவரையும் ஒருமையில், பாதிப் பெயரில் கூப்பிட்ட காலம் அது. முடிந்தால் அவர் குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரை எழுதுங்கள்.

படம் எந்த ஆண்டு எடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே தடயத்தை நம்ப வேண்டாம். இரண்டு மூன்று ஒத்துப்போனால் பத்து ஆண்டு இடைவெளிக்குள் வந்துவிடலாம்.

காகிதத்திலிருந்து ஆரம்பியுங்கள். கெட்டி அட்டையில் ஒட்டி, கீழே ஸ்டூடியோ பெயர் அச்சடித்திருந்தால் பெரும்பாலும் சுதந்திரத்துக்கு முந்தைய காலம். ஓரம் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருந்தால் நாற்பதுகளிலிருந்து அறுபதுகள் வரை. வெள்ளை விளிம்புடன் இரண்டேகால் அங்குலச் சதுரமாக இருந்தால், 120 பிலிம் போடும் கேமராவில் எடுத்து அப்படியே பதித்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நம் வீடுகளில் இருந்த அக்ஃபா கிளிக் 3 அந்த வகை, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். 'இந்து' பிலிம் உறையோ நெகட்டிவோ கூட இருந்தால் 1967க்குப் பிறகு. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது அப்போதுதான். கலர் படம் ஊர்ப்பக்கம் பரவியது எண்பதுகளில்.

அப்புறம் வயலைப் பாருங்கள். டெல்டாவுக்கே உரிய நல்ல தடயம் பயிரின் உயரம். பழைய நாட்டு ரகங்கள் ஆளின் மார்பு, தோள் வரை வளரும். அறுவடைக்கு முன்பே சாய்ந்து கிடக்கும். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகம் வந்தது. 1966இல் வெளியான ஐஆர் 8 அதையடுத்து வந்தது. ஐஆர் 8 இடுப்புயரம்தான், விறைப்பாக நிற்கும். ஆள் நிற்கும் வயலில் கதிர் இடுப்பளவு இருந்தால் எழுபதை ஒட்டியோ அதற்குப் பிறகோ என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். வைக்கோல் போரிலும் இது தெரியும். நீள வைக்கோலில் போட்ட போரின் விளிம்பு படிய வாரிய தலைமுடி போல வழிந்து நிற்கும். உயரமான பயிர் மட்டும் இருந்தால் முடிவுக்கு வந்துவிடாதீர்கள், பல ஊர்களில் நாட்டு ரகங்கள் அப்புறமும் தொடர்ந்தன.

மாதத்தையும் பிடிக்கலாம். மேட்டூர் அணை 1934இல் திறந்த பிறகு, ஜூன் 12 தண்ணீர் விடும் நாள் என்று வழக்கமானது. நெல் பருவங்களில் குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வரும், சம்பா தையில், குறுவைக்குப் பின் நடும் தாளடி மாசி வரைக்கும் போகும். சம்பா அறுத்த ஈரத்தில் உளுந்தும் பயறும். வயல் வெடித்துக் கிடந்தால் சித்திரை, வைகாசி.

மற்றபடி மின்கம்பம், டிராக்டர், சைக்கிளில் டைனமோ, கையில் கடிகாரம், பெண்களின் ரவிக்கைக் கையளவு, ஆண்களில் குடுமியா கிராப்பா என்று பார்க்கலாம். உங்கள் ஊருக்குக் கரண்டு எப்போது வந்தது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் எடுத்ததானால் கடிகாரம், குடை, புத்தகம் எல்லாம் ஸ்டூடியோவுக்குச் சொந்தமாக இருக்கலாம், அதனால் அவற்றை வைத்து வசதியை மதிப்பிட வேண்டாம்.

பின்பக்கம் 'நந்தன வருஷம் கார்த்திகை' என்று எழுதியிருக்கிறது. இது எந்த ஆண்டு?

தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுற்றி வரும். நந்தன என்றால் 1952 ஏப்ரல் முதல் 1953 ஏப்ரல் வரை. அதற்கு முன்பு 1892, பின்பு 2012. படத்தைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். கணக்குக்கு ஒரு ஆண்டை நினைவில் வைத்தால் போதும்: முதல் ஆண்டான பிரபவ 1927லும் 1987லும் தொடங்கியது. அதிலிருந்து பஞ்சாங்கத்தை வைத்து எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்த நந்தன கார்த்திகையில்தான், 1952 நவம்பர் 30 அன்று, நாகப்பட்டினம் கரையில் பெரும்புயல் அடித்தது. உங்கள் படத்தில் ஓடு பறந்த வீடோ விழுந்த மரமோ இருந்தால் அது தற்செயலாக இருக்காது.

களத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதில் இருக்கும் பொருள்கள் பாதி எனக்குப் புரியவில்லை.

களத்துப் படம் கிடைத்தது பெரிய பேறு. முதலில் என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள். கதிர்க்கட்டைப் பிடித்துத் தரையில் ஓங்கி அடித்தால் அது முதல் அடி. வைக்கோலைப் பரப்பி, மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டினால் போரடி. முதல் அடியில் உதிராத நெல் அதில்தான் உதிரும். முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காற்றில் நெல்லைச் சரித்தால் தூற்றுகிறார்கள். காற்று எந்தப் பக்கம் என்று பதர் பறக்கும் திசையில் தெரியும்.

மரத்தில் செய்த உருளைப் பாத்திரம் மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அளக்கிறவர் ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று ஆரம்பிப்பார். பெரியவர்களை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், அந்தக் குரலைப் பதிவு செய்யுங்கள். கூலியும் நெல்லாகத்தான் அளந்தார்கள். அதனால் மரக்கால் யார் கையில் இருக்கிறது, யார் துணியை விரித்துக் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் அந்தக் களத்தின் கணக்கு முழுவதும் விளங்கிவிடும்.

வீட்டுக்குள் ஆள் உயரத்துக்குப் பலகைப் பெட்டி தெரிந்தால் பத்தாயம். மண்ணால் உறை உறையாக அடுக்கியது குதிர். வயலில் ஆள் நின்று ஓட்டும் நீளப் பலகை பரம்பு, உழுத சேற்றைச் சமன்படுத்த. இரண்டு பேர் எதிரெதிரே நின்று கயிற்றில் வீசுவது இறைகூடை. ஆற்றுப் பாசனம் உள்ள ஊரிலும் வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டு வயலுக்கு அது வேண்டியிருந்தது. நிலத்தின் அளவையும் பழைய கணக்கில்தான் சொல்வார்கள்: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்றால் 33 சென்ட், ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்.

பாட்டியிடம் கேட்டால் 'எல்லாம் மறந்துபோச்சு' என்கிறார். எப்படிக் கேட்பது?

'எந்த வருஷம்' என்று கேட்காதீர்கள். 'அப்போ சின்ன அத்தை பொறந்தாச்சா?', 'அந்தச் செவலை மாடு இருந்துச்சா?' என்று கேளுங்கள். ஊரில் காலத்தைக் கணக்கு வைப்பது பிள்ளைப்பேற்றையும் மாட்டையும் வெள்ளத்தையும் வைத்துத்தான். வெளி நிகழ்ச்சிகளும் உதவும்: காந்தி இறந்தது (1948), எம்.ஜி.ஆர். சுடப்பட்டது (1967 ஜனவரி), அண்ணா இறந்தது (1969 பிப்ரவரி), 1977 புயல்.

படத்தை அவர் கையில் கொடுங்கள். போனில் பெரிதாக்கிக் காட்டுவதைவிட, கையில் பிடித்துப் பார்க்கும்போது நிறையப் பேசுகிறார்கள். பெரிய பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, கண் தெரிய வேண்டுமே. மத்தியானம் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரம் பார்த்து உட்காருங்கள். சேர்ந்து நாற்று நட்ட பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கூப்பிட்டுக்கொண்டால் ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். நடவுப் பாட்டும் அப்போதுதான் வரும். பதிவு செய்வதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பசி, கடன், அடி வாங்கியது என்று பேச்சு போகும்போது வேண்டாம் என்று அவர் சொன்னால் நிறுத்திவிட வேண்டும்.

எங்கள் தாத்தா பாட்டி கூலி வேலை பார்த்தவர்கள். எங்களிடம் ஒரு படமும் இல்லை. எங்கே தேடுவது?

கூரை வீட்டில் மழைக்கும் தீக்கும் படம் தங்காது. ஆனாலும் தேட இடம் உண்டு. வாக்காளர் அட்டையிலும் பழைய ரேஷன் அட்டையிலும் படம் இருந்தால் அந்த முகத்தை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்யுங்கள். பள்ளிக்கூடக் குழுப் படங்கள், சங்க மாநாட்டுப் படங்கள், கட்சி ஊர்வலப் படங்கள், கோயில் திருவிழாப் படங்கள் ஆகியவற்றில் பாருங்கள். அப்புறம், அவர்கள் வேலை பார்த்த பண்ணை வீட்டு ஆல்பம். போய்க் கேட்பது சிலருக்குக் கூச்சமாக இருக்கும், சிலருக்குக் கசப்பாகவே இருக்கும். அது நியாயமான கசப்பு. நேரில் போக விருப்பமில்லை என்றால் பொதுவான நண்பர் ஒருவர் மூலம் கேட்கலாம். உங்களிடம் அந்த ஆல்பம் இருக்கிறது என்றால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

படமே கிடைக்காவிட்டால் பொருளைப் படம் எடுங்கள். பாட்டியின் கதிரரிவாள், கல்லுரல், தாத்தா கட்டிய வரப்பு இருந்த இடம். அவற்றைப் பற்றி ஞாபகம் உள்ளவர் பேசுவதை அதனுடன் சேர்த்து வையுங்கள்.

இறந்துபோனவரை நாற்காலியில் உட்காரவைத்துக் குடும்பமே சுற்றி நிற்கும் படம் இருக்கிறது. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. வைத்திருக்க வேண்டுமா?

வைத்திருங்கள். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய காலத்தில், பலருக்கு எடுத்த முதல் படமும் கடைசிப் படமும் அதுதான். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக நிற்கும் ஒரே படமாகவும் அது இருக்கும். மாட்டிவைக்க வேண்டாம், தனி உறையில் போட்டு, யார் யார் என்று எழுதி வைத்தால் போதும்.

சில படங்களின் பின்னால் பினாங்கு, ஈப்போ ஸ்டூடியோ முத்திரை இருக்கிறது. எப்படி வந்தது?

கடலோரத் தஞ்சையிலிருந்து மலாயாவுக்குப் போனவர்கள் அனுப்பியதாக இருக்கும். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர் வரை கப்பல் போனது, எஸ்.எஸ். ரஜூலா 1973 வரை ஓடியது. நல்ல சட்டை போட்டு ஸ்டூடியோவில் எடுத்து, தான் நன்றாக இருப்பதாக ஊருக்குத் தெரிவிக்க அனுப்பிய படங்கள் இவை. பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள், பல சமயம் கடிதமே அங்குதான் இருக்கும்.

படம் பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பிய்க்கலாமா?

கூடாது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொள்கிறது. பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியை வெளிப்பக்கம் துடைத்துவிட்டு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த ஆல்பத்தை என்ன செய்வது?

ஒட்டியபடி காயவிடாதீர்கள், அதுதான் பெரிய ஆபத்து. 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிடுங்கிய வீடுகளில் இது நேர்ந்திருக்கும். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தானாகப் பிரிகிறதா பாருங்கள். பிரிந்ததும் படப்பக்கத்தைத் தொடாமல் எடுத்து, பருத்தித் துணியில் முகம் மேலே தெரிய நிழலில் காயவையுங்கள். வெயில் வேண்டாம், சுருண்டுவிடும்.

பூச்சி, கரையான், பூஞ்சை வராமல் எங்கே வைப்பது?

எரவாணம், பரண், சமையலறை, பூஜை அறை எதுவும் வேண்டாம். வெளிச்சுவரில் ஒட்டாமல் நிற்கும் இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். வெற்றுக் காகித உறையில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். பசை ஒட்டிய பக்கத்தில் பிளாஸ்டிக் தாளை மூடும் எண்பதுகளின் ஆல்பத்திலிருந்து படங்களை எடுத்துவிடுவது நல்லது. வரவில்லை என்றால் மெல்லிய நூலைப் பின்னால் நுழைத்து மெதுவாக அறுக்கலாம். காகிதத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பசையும் பிடிக்கும். மாதம் ஒருமுறை பீரோவைத் திறந்து காற்றாட விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். லாமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். பெயர் எழுத மென்மையான பென்சில்தான். பால்பாயின்ட் பேனா மறுபக்கம் தடம் பதிக்கும்.

ஸ்கேன் செய்ய எவ்வளவு தரம் வேண்டும்?

சின்னப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), அதைவிடச் சின்னதற்கு 1200. டிஃப் கோப்பாக ஒன்று வைத்து, அனுப்புவதற்கு ஜேபெக் தனியாக. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும்; டாக்குமென்டாக அனுப்புங்கள். ஸ்கேனர் இல்லையென்றால், ஜன்னல் பக்கம் நேர்வெயில் படாத இடத்தில் படத்தைத் தரையில் வைத்து, பிளாஷ் இல்லாமல் போனில் நேர்மேலிருந்து எடுக்கலாம். நெகட்டிவ் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரிண்டில் தெரியாத ஓரங்கள் அதில் தெரியும். ஓரத்தில்தான் ஆட்கள் நிற்கிறார்கள்.

செயலியில் போட்டுக் கலர் ஆக்கலாமா?

ஆசைக்கு ஒரு பிரதியில் செய்துகொள்ளுங்கள். ஆனால் செயலி புடவையின் நிறத்தை ஊகிக்கிறது. மங்கிய முகத்தைத் 'தெளிவாக்கும்போது' வேறொரு முகத்தையே வரைந்துவிடுகிறது. கறுப்பான மனிதரை வெளுப்பாக்கிய படங்களைப் பார்த்து எனக்குக் கோபமே வந்திருக்கிறது. கலர் பிரதியில் 'செயலியில் மாற்றியது' என்று எழுதுங்கள், மூலத்தை அழிக்காதீர்கள்.

இப்படங்களை ஆய்வு நிறுவனங்கள் சேகரிக்கின்றனவா?

ஆம். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் குடும்பப் படங்களையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன் டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. உங்கள் ஊரில் ஸ்டூடியோ மூடுகிறது, கண்ணாடி நெகட்டிவ்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன என்று தெரிந்தால் உடனே அப்படிப்பட்ட ஓர் இடத்துக்குச் சொல்லுங்கள்.

பாகப்பிரிவினையில் ஆல்பம் யாருக்கு என்று அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை. என்ன செய்யலாம்?

ஆல்பத்தைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வதுதான் மிக மோசமான முடிவு. மூலப் படங்கள் எல்லாம் ஒரே வீட்டில், ஈரம் இல்லாத வீட்டில் இருக்கட்டும். ஸ்கேன் பிரதி எல்லோருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் படத்துக்கு எண் போட்டு, இடமிருந்து வலமாக எல்லோர் பெயரையும், தெரிந்த வேலையையும் ஊரையும் எழுதுங்கள். பெயர் தெரியாதவருக்கு இடம் விட்டு வையுங்கள். அந்த நோட்டையும் நகலெடுத்துக் கொடுங்கள். பிரதி கொடுக்கும் பட்டியலில் பங்காளிகள், மாமன் வகையறாவோடு, ஓரத்தில் மாடு பிடித்து நிற்பவரின் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேஸ்புக்கில் போடுவதற்கு முன்பு அவர்களிடமும் கேட்க வேண்டும்.